நடுங்கும் கைகள்

இரு கைகள் நடுங்குகின்றன. ஒன்று பாதரசத்தின் நஞ்சால் நடுங்கும் கை. மற்றொன்று மதுவின் நஞ்சால் நடுங்கும் கை. முதல் கையைக் கண்டால், ‘ஐயோ பாவம்! இழப்பீடு எங்கே?’ என்று கேட்கிறோம். இரண்டாவது கையைக் கண்டால், ‘வெளியே போ!’ என்று விரட்டுகிறோம். இரண்டும் உழைத்த கைகள். இரண்டும் ஒரே மலையின் குளிரில் விறைத்த கைகள். ஒன்றுக்கு நீதி, மற்றொன்றுக்கு நிந்தை! இது முறைதானா? இந்த வினாவை எழுப்பிப் பார்ப்போம். விடை எளிதில் வராது என்பதை அறிந்தே எழுப்புவோம்.

எந்த மலை என்று சொல்லவேண்டும் அல்லவா? பழனிமலைத் தொடர். அதன் உச்சியிலே கொடைக்கானல். ‘மலைகளின் இளவரசி’ என்று அவளுக்குப் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். சூட்டியவர்கள் யார்? பார்க்க வந்தவர்கள்! ஏரியில் படகு விட்டு, குறிஞ்சி பூத்ததா என்று கேட்டு, கம்பளி போர்த்தி, இரண்டே நாளில் இறங்கிப் போகிறவர்கள். இறங்காமல் அங்கேயே இருப்பவர்கள் இளவரசியின் ஏவலர்கள். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காப்பிப் பழம் பறிப்பவர்; பூம்பாறையில் பூண்டு பறிப்பவர்; மலைவாழைத் தார் சுமப்பவர்; விடுதியில் அறை கூட்டுபவர்; வத்தலக்குண்டிலிருந்து வளைவு வளைவாய் ஏறிவரும் பேருந்தை ஓட்டுபவர். சீசன் வந்தால் இவர்களில் பலருக்கு உறக்கமில்லை. சீசன் போனால் வேலையில்லை. பஞ்சு போன்ற பனி என்று பாடுகிறானே பயணி, அந்தப் பனி விடியற்காலையில் தோட்டத்துக்கு நடப்பவளின் கால்விரலைக் கடிக்கிறது. அதைப் பாட ஆளில்லை.

இந்த மலையிலே ஒரு தொழிற்சாலை இருந்தது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலை. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் ஓடிய ஆலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1980-களில் இங்கே நிறுவினார்கள். பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலையாகப் பிறந்து, 1998-ல் இந்துஸ்தான் லீவரின் ஆலையாயிற்று; அந்த நிறுவனத்தின் இன்றைய பெயர் இந்துஸ்தான் யூனிலீவர். உலகத்தின் காய்ச்சலை அளப்பதற்காகக் கொடைக்கானலின் கைகள் கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பின. 2001 மார்ச்சில், ஊருக்குள்ளே ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் கிடப்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-ல் ஏறத்தாழ 290 டன் கழிவு, ஆலை வந்த நாட்டுக்கே கப்பலேறிப் போயிற்று.

கழிவு போயிற்று. மனிதர்கள் எங்கே போவார்கள்? தங்கள் உடலும் உள்ளமும் நொந்த கதையைச் சொல்லிக்கொண்டு, 2006-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் படியேறினார்கள் பழைய தொழிலாளர்கள். தன் ஆலையில் பணியாற்றியதால் எவர் உடல்நலமும் கெடவில்லை என்று நிறுவனம் சொன்னது, ஆய்வுகளைக் காட்டியது. வழக்குப் பத்தாண்டு நடந்தது. 2016 மார்ச்சில், 591 தொழிலாளர்களை முன்னிட்டு உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்று ஊருக்குச் சொல்லப்படவில்லை.

அந்த வழக்கை இங்கே மீண்டும் நடத்த நாம் வரவில்லை. பாதரசம் மனிதனை என்ன செய்யும் என்ற மருத்துவ உண்மையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதன் ஆவியை நெடுநாள் மூச்சில் இழுப்பவனுக்குக் கை மட்டுமா நடுங்கும்? மனமும் நடுங்கும்! காரணமின்றிச் சினம் வரும், காரணமின்றிக் கூச்சம் வரும், நேற்றுச் சொன்னது இன்று மறக்கும், உறக்கம் ஓடும், சோர்வு கவியும். அமெரிக்காவின் டான்பரி நகரில் தொப்பி செய்த தொழிலாளர்கள், விலங்கின் மயிரைப் பதப்படுத்தப் பாதரச உப்பைக் கையாண்டார்கள். அவர்களுக்கு வந்த நடுக்கத்துக்கு ஊரின் பெயரே பெயராயிற்று: டான்பரி நடுக்கம். அந்தத் தொழிலில் பாதரசம் அங்கே நிறுத்தப்பட்டது 1941-ல். அதுவரை எத்தனை தலைமுறை! மாலை வேளையில் கை நடுங்க, கால் தள்ளாட, கண்டவர்மேல் எரிந்து விழுந்துகொண்டு ஒருவன் தெருவில் வருகிறான். ஊர் எதை நினைக்கும்? பாதரசத்தையா, சாராயத்தையா?

நடுக்கம் தன் காரணத்தைச் சொல்வதில்லை. நாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறோம். கற்பித்த காரணத்தை வைத்துத் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

‘அதுவும் இதுவும் ஒன்றா? பாதரசம் ஆலை கொடுத்தது. மது அவனே ஊற்றிக் குடித்தது. தானே தேடிய கேட்டுக்கு வேலை கொடுத்தவன் ஏன் தலைகொடுக்க வேண்டும்?’ என்று கேட்பார் உண்டு. வலிமையான கேள்வி. ஒதுக்கிவிட்டுப் போகக்கூடிய கேள்வியன்று.

முதல் கோப்பையை அவன்தான் எடுத்தான். ஒப்புகிறோம். ஆனால், நோயை எவன் கேட்டு வாங்கிக் குடித்தான்? பலர் குடிக்கிறார்கள், அவர்களில் ஒரு பகுதியினரே அடிமையாகிறார்கள். யார் அந்தப் பகுதியினர் என்று முதல் நாளில் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. தலையெழுத்து என்பார்கள், தலையில் ஓர் எழுத்துமில்லை! பெற்றோர் வழி வந்த உடற்கூறு, பிஞ்சிலே தொடங்கிய பழக்கம், ஆறாத துயரம், உடலை முறிக்கும் வேலை, கைக்கெட்டும் தொலைவில் கடை. இத்தனையும் கூடி ஒருவனைப் பிடிக்கின்றன. கடை யாருடையது? 2003 முதல் இந்த மாநிலத்தில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக்கின் தனியுரிமை. 2023 ஜூனில் 500 கடைகளை அரசு மூடியது; அப்பொழுதும் நாலாயிரத்துக்கு மேல் எஞ்சின. கடையை மூடுவதா, வைப்பதா என்பது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள். அதை முழங்க மேடைகள் நிறைய உண்டு. நாம் கேட்பது இதுதான்: விற்கும்போது அது பொதுக் கருவூலத்தின் வருவாய், குடித்தவன் விழும்போது மட்டும் அது அவனுடைய சொந்தக் குற்றமா? வரவில் அனைவருக்கும் பங்கு, செலவில் அவனுக்கு மட்டும் பங்கு என்று கணக்கெழுதினால், நம் ஐந்தாம் வகுப்பு மாணவனே சிவப்பு மையால் அடித்துவிடுவான்.

மருத்துவர் விலக்கிய இனிப்பை மறைத்து மறைத்துத் தின்று, நீரிழிவை முற்றவிட்ட கணக்கரை வேலையைவிட்டு நீக்குகிறோமா? புகைத்துப் புகைத்து நெஞ்சுவலி வந்த மேலாளரை என்ன செய்கிறோம்? ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்! குடிநோயாளியைப் பார்க்க எவர் பழம் வாங்கிக்கொண்டு போனார்? தன் கையால் தேடிய நோய் என்பதுதான் அளவுகோல் என்றால், அந்தக் கோலை எல்லார் முதுகிலும் அல்லவா வைத்து அளக்கவேண்டும்? ஏழையின் முதுகில் மட்டும் அது அளவுகோலாக இல்லை; பிரம்பாக இருக்கிறது.

அவனுக்குப் பொறுப்பே இல்லை என்கிறோமா? இல்லை. உண்மையை மறைக்காதிருக்க, மருத்துவரிடம் வர, மருந்துண்ண அவன் கடமைப்பட்டவன். ஆனால், நடக்க ஒரு வழி திறந்திருக்கும்போதுதான் ‘ஏன் நடக்கவில்லை?’ என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வழியை அடைத்துவிட்டு நடையைக் குறைகூறுவது அறமாகாது.

நல்லெண்ணம் உடைய முதலாளிகூட என்ன சொல்கிறார்? ‘நாளை முதல் ஒரு துளி தொட்டாலும் வேலை இல்லை!’ என்கிறார். கண்டிப்பு என்று நினைக்கிறார். அது சில வேளை கொலைக்கருவி என்பது அவருக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த உடல், திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும். வியர்வை கொட்டும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் கண்முன் ஆடலாம், பிதற்றல் வரலாம். மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரும் போகலாம். இந்தப் பிதற்றலைக் காணும் வீட்டார் என்ன செய்கிறார்கள்? பேய் என்கிறார்கள், வேப்பிலை தேடுகிறார்கள், கட்டிப்போடுகிறார்கள். மனநோயாளிகளைக் கட்டிப்போட்டதன் கதை நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், கொட்டகையிலே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களைத் தீ சூழ்ந்தது. 28 பேர் மாண்டார்கள். ஓடுவதற்குக் கால் இருந்தது. கழற்றுவதற்குச் சாவி இல்லை.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை, மருத்துவம் இருக்கிறது. முதலில் சில நாள் மருத்துவமனைப் படுக்கை; நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மருந்து; மூளையைக் காக்க வைட்டமின் பி1. பிறகு மாதக்கணக்கில் ஆலோசனை, குடும்பத்தோடு பேச்சு, குடியை விட்டவர்களின் கூட்டுறவு. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்னும் பெண்மணி 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இவ்வழியில் பல்லாயிரவரை நடத்தியிருக்கிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்தின் பிறப்பையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1937-ல் அமெரிக்க ரப்பர் தொழிற்சாலையொன்றின் மருத்துவர் ஒரு விந்தையைக் கவனித்தார். ரப்பரைப் பதப்படுத்தும் ஒரு வேதிப்பொருளோடு பழகிய தொழிலாளர்களால் மதுவைத் தொட முடியவில்லை. தொட்டால் முகம் சிவந்தது, நெஞ்சு படபடத்தது. பத்தாண்டு கழித்து டென்மார்க்கின் ஆராய்ச்சியாளர் இருவர் அதே இனத்துப் பொருளை மருந்தாக்கினார்கள். தொழிலாளியைக் கூர்ந்து பார்த்த கண்ணிலிருந்து பிறந்தது மருந்து! தொழிலாளியைப் பார்க்காத மருத்துவர் அந்த ஆலையில் இருந்திருந்தால்?

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து. நான்காவதாக, அருகிருந்து துணைசெய்பவன். மூவரோடு நிறுத்தவில்லை அந்தப் பேரறிஞர். நோயாளியின் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தன்னிடம் வைத்திருப்பவர் யார்? வேலை கொடுத்தவர்! அந்த நான்காமவரின் இடம் அவருடைய வாசலில் காலியாகக் கிடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? சட்டம் இரு குரலில் பேசுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்ற சொல்லுக்குள் அடக்கிக்கொண்டது. மருத்துவம் பெறும் உரிமை அவனுக்கும் உண்டு என்றது. நன்று! ஆனால் வேலையைக் காக்கும் சட்டம் எது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கக்கூடாது, பதவி இறக்கவும் கூடாது; அந்த வேலை இயலாதென்றால், அதே ஊதியத்தில் வேறு வேலைக்கு மாற்றவேண்டும் என்று அது விதித்தது. மனநோயும் அதன் பட்டியலில் உண்டு. ஆனால், அந்தப் பட்டியலின் மனநோய் விளக்கத்தில் மதுவைப் பற்றிய சொற்கள் இல்லை! மருத்துவமனை வாசலில் ‘நீ நோயாளி, உள்ளே வா’ என்கிறது ஒரு சட்டம். அலுவலக வாசலில் ‘நீ யார்?’ என்று தயங்குகிறது மற்றொரு சட்டம். அந்தப் பணிக்காப்பும் அரசு நிறுவனங்களுக்கே உரியது. விடுதியில் அறை கூட்டுபவனுக்கும், காப்பித் தோட்டத்துக் கூலிக்கும் அந்தக் குடையின் நிழல்கூட எட்டவில்லை.

‘அப்படியானால், குடிகாரன் கையிலே பேருந்தைக் கொடுக்கச் சொல்கிறீர்களா? வத்தலக்குண்டு மலைப்பாதையிலே அறுபது உயிரை ஏற்றிக்கொண்டு அவன் வளைவு திரும்பவேண்டுமா?’ என்று சீறலாம். வேண்டாம்! ஒரு நாள்கூட வேண்டாம்! அந்த அறுபது பேரில் நம் மாணவர்களும் இருக்கிறார்கள். சக்கரத்தை அவன் கையிலிருந்து வாங்குங்கள். சோற்றையும் சேர்த்து வாங்காதீர்கள் என்பதே நம் வாதம். பணிமனையில் வேலை இல்லையா? பயணச்சீட்டுக் கணக்கில் வேலை இல்லையா? இது நம் கற்பனையன்று. மத்திய ரிசர்வ் காவல் படையின் அலுவலர் ஒருவர் மனநோயுற்றிருந்த நிலையில் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். 2021 டிசம்பர் 17-ஆம் நாள் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? குற்றம் என்று சொல்லப்படும் நடத்தைக்கு மனநோயும் ஒரு காரணமாக இருக்குமானால், அதற்காக நடவடிக்கை எடுப்பது பாகுபாடு என்றது. தகுதியில்லை என்று கண்டால் வேறு பணி கொடுங்கள், ஊதியத்தைக் காப்பாற்றுங்கள் என்றது. அந்த வேறு பணி துப்பாக்கியைக் கையாளாத பணியாக இருக்கலாம் என்றும் சொன்னது. துப்பாக்கியை வாங்கு, மனிதனை வைத்துக்கொள்! காவல் படைக்கு இயன்ற ஒன்று பேருந்துப் பணிமனைக்கு இயலாதா?

இன்னொன்று. நம் தொழிலைப் பற்றியே சொல்கிறோம். விடுப்பு விண்ணப்பம் எழுத மாணவனுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். ‘எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்...’ அதைவிட்டால் வேறு நோயே இல்லை நம் விண்ணப்பத்தில்! அந்த மாணவன் வளர்ந்து ஊழியனாகிறான். மனம் இருண்டு, படுக்கையைவிட்டு எழ முடியாமல் கிடக்கும் நாளிலும் ‘காய்ச்சல்’ என்றே எழுதுகிறான். ஆசிரியர் அறையிலும் அப்படித்தான். மூன்று கிழமையாக ஒருவர் வரவில்லை என்றால், ‘என்னவாம்?’ என்று ஒருவர் கேட்பார்; ‘உடம்பு சரியில்லையாம்’ என்பார் மற்றவர்; இருவர் கண்ணும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும்; அதோடு பேச்சு நின்றுவிடும். 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ என்னும் மனநல உதவிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலேயே பேசலாம். எத்தனை விடுதிகளின் சமையற்கட்டிலே, எத்தனை தோட்டத்துக் கணக்கறையிலே அந்த எண் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது? எழுதுவதற்கு ஒரு சுண்ணக்கட்டி போதும்; நம்மிடம் நிறைய உண்டு, தரத் தயார்!

குடிப்பவனுக்காக இவ்வளவு பேசுகிறீர்களே, அவனிடம் அடிபடுகிறவளுக்காகப் பேசினீர்களா என்று தாய்மார் கேட்டால், தலைவணங்கி விடை சொல்லவேண்டும். நோய் என்று சொல்வதால் அவன் கை ஓங்கியது நியாயமாகிவிடாது. அடி அடிதான், அவளுக்குச் சட்டத்தின் காவல் வேண்டும், அதில் நோயென்ற சலுகை கிடையாது. ஆனால் எண்ணிப் பாருங்கள், வேலைநீக்கம் யாரைத் தண்டிக்கிறது? பணம் நின்ற மறுநாள் அவன் குடியை நிறுத்துகிறானா? இவளுடைய கூலியைப் பிடுங்குகிறான். அதற்கு அடுத்த வாரம் நம் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே வரிசையாகக் கோடு விழுகிறது. பிள்ளை எங்கே என்று கேட்டால், ‘தோட்டத்துக்குப் போகுது, சார்’ என்கிறான் பக்கத்துப் பையன். தகப்பனுக்கு எழுதிய தண்டனையை மகள் அனுபவிக்கிறாள். அவளிடம் எவரும் விசாரணை நடத்தவில்லை. ஊதியத்தில் ஒரு பகுதியை, கணவனின் ஒப்புதலோடு, மனைவியின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தும் ஏற்பாடு செய்தால் என்ன? மருத்துவக் காலம் முடியும்வரையாவது செய்யலாமே!

சிறு முதலாளியின் தொல்லையையும் மறைக்கக்கூடாது. நான்கு பேரை வைத்து ஒரு காட்டேஜ் நடத்துகிறவர், சீசன் நாளில் ஒருவனை ஒரு மாதம் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டுக் கூலியும் கொடு என்றால் எங்கே போவார்? பெரிய தோட்டங்களுக்கு, மருத்துவ வசதியும் நோய்க்காலப் படியும் கொடுக்கவேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் கடமை விதித்தது. ஐந்து ஹெக்டேருக்கும் பதினைந்து ஆளுக்கும் குறைந்த தோட்டங்கள் அதன் வேலிக்கு வெளியே நின்றன. பழனிமலையில் அத்தகைய சிறு தோட்டங்கள் நிரம்ப உண்டு. ஆகவே, தனி முதலாளியின் கருணையை நம்பிப் பயனில்லை. 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கெனத் தமிழகம் ஒரு சட்டம் செய்தது. அதன்வழி நலவாரியங்கள் எழுந்தன. விபத்துக்கு உதவி, பிள்ளையின் கல்விக்கு உதவி, திருமணத்துக்கு உதவி என்று வாரியங்கள் கொடுக்கின்றன. அந்த வரிசையில், குடிநோய்க்கும் மனநோய்க்கும் மருத்துவம் பெறும் நாட்களின் கூலியைச் சேர்க்கவேண்டும். மதுவில் வரும் வருவாயிலிருந்தே அதற்குப் பணம் எடுக்கலாம்; யார் வீட்டுப் பணம் அது?

‘சேர்த்தோம், அனுப்பினோம், திரும்பி வந்தான், மறுபடியும் குடித்தான். மூன்றாம் முறையும் விழுந்தால்?’ இதுதான் கடைசியில் எல்லாரும் கேட்பது. விழக்கூடும். மீண்டும் மீண்டும் தலைதூக்குவது இந்த நோயின் இயல்பு. இரத்தக் கொதிப்பும் அப்படித்தான் ஏறி இறங்குகிறது. எத்தனை முறை மன்னிப்பது என்று எண்ணுகிறவர், தம்மை மன்னிப்பு வழங்கும் மன்னராக நினைத்துக்கொள்கிறார். மன்னிப்பு இங்கே பேச்சே அன்று. இன்று இந்த வேலையை இவனால் செய்ய முடிகிறதா, இல்லையேல் எந்த வேலையைச் செய்ய முடியும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. எந்த மருத்துவத்துக்கும் உடன்படாமல், உடன் உழைப்பவர் உயிருக்கும் ஊறு விளைப்பவனாக ஒருவன் நின்றால், அவனை அனுப்பவும் உரிமை உண்டு. அனுப்பும் நாளில், கணக்குத் தீர்த்துக் கொடுக்கும் பணத்தோடு மருத்துவமனையின் முகவரிச் சீட்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கலாம். கை நடுங்கும், சீட்டு விழுந்துவிடும். அவன் சட்டைப் பையிலேயே வைத்துவிடுவது நல்லது.